விந்தணு வேற்று மரபணுவைச் சுமக்குமா? சினை ஊசிப் பேச்சும் அதன் பின்னால் உள்ள அறிவியலும்

டெல்டாவில் எந்த மாட்டாஸ்பத்திரி வாசலில் நின்றாலும் இப்போது இந்தப் பேச்சு காதில் விழுகிறது. "சினை ஊசியிலேயே ஜீனை மாத்தி அனுப்புறாங்களாம்." சினை ஊசி என்றால் காளையின் விந்தை ஊசிக் கம்பி வழியாகப் பசுவுக்குச் செலுத்திச் சினை பிடிக்க வைப்பது. மன்னார்குடிப் பக்கம் கறவை மாடு வைத்திருக்கும் ஒரு அக்கா நேரடியாகவே கேட்டார்: "கிடேரிக் கன்னு மட்டும் பிறக்குற ஊசின்னு குடுக்குறீங்களே சார், அதுல வேற எதோட ஜீனாவது கலந்திருக்கா?" கெண்டை வளர்ப்பவர்களிடம் போனால் "ஊசி போட்ட மீன்" என்ற கவலை. போதாததற்கு, விந்தணு வேற்று டிஎன்ஏவை உறிஞ்சிக்கொள்ளும் என்று விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் வாட்ஸ்அப் செய்திகள்.

அந்தக் கடைசிச் செய்தி முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் மறுத்துவிட்டுப் போகலாம். அப்படி இல்லை. விந்தணு தன்னுடையது அல்லாத டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும் என்பது 1971-லேயே சோதனையில் காட்டப்பட்டது. ஆனால் "பிடித்துக்கொள்ளும்" என்பதற்கும் "பிறக்கும் கன்றின் மரபணு மாறிவிடும்" என்பதற்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் பெரும்பாலான டிஎன்ஏ கழிந்துபோகிறது. அந்தப் படிகளைத் தெரிந்துகொண்டால் எந்தச் செய்தியை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம்.

## மரபணு மாற்றம் அல்லாதவை

நம் பக்கத்தில் மூன்று விஷயங்களை மரபணு மாற்றம் என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, கலப்பினம். நம் நாட்டு இனமான உம்பளச்சேரிப் பசுவுக்கு ஜெர்சி காளையின் சினை ஊசி போட்டால், கன்றுக்குப் பாதி மரபணு தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வருகிறது. இரண்டும் மாட்டு மரபணுதான். ஜெர்சி ஆய்வகத்தில் உருவாக்கிய மாடு அல்ல. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையில் உள்ள ஜெர்சி என்ற தீவில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பழைய இனம். கலப்பினம் நமக்கு வேண்டுமா என்பது விவாதிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது வேறு கேள்வி.

இரண்டு, கிடேரிக் கன்று ஊசி. குரோமோசோம் என்பது மரபணுக்களைத் தாங்கும் டிஎன்ஏ இழை. காளையின் விந்தணுக்களில் பாதி எக்ஸ் குரோமோசோமையும் பாதி ஒய் குரோமோசோமையும் சுமக்கின்றன. எக்ஸ் சுமப்பது சேர்ந்தால் கிடேரி, ஒய் சுமப்பது சேர்ந்தால் காளைக்கன்று. மாட்டில் எக்ஸ் விந்தணுவில் ஒய் விந்தணுவைவிட ஏறத்தாழ 4 சதவீதம் டிஎன்ஏ அதிகம். டிஎன்ஏவில் ஒட்டும் ஒளிரும் சாயத்தைக் கலந்து, லேசர் ஒளியில் ஒவ்வொரு விந்தணுவாக ஓடவிட்டு, அதிகமாக ஒளிர்வதைத் தனியே பிரித்து எடுக்கிறார்கள். அதனால்தான் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் கிடேரி பிறக்கிறது. இதில் நடப்பது பிரிப்பது மட்டுமே; மரபணு எதையும் சேர்ப்பதில்லை.

மூன்றாவது, மீனுக்குப் போடும் ஊசி. ரோகு, கட்லா போன்ற பெருங்கெண்டைகள் குளத்தில் தாமாக முட்டையிடுவதில்லை. தாய் மீனையும் தகப்பன் மீனையும் இனப்பெருக்கத்துக்குத் தூண்ட ஓவாப்ரிம் போன்ற ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். அதனால் முட்டை வரும் நேரம் மாறுகிறது. குஞ்சின் மரபணு மாறுவதில்லை.

மரபணு மாற்றம் என்றால், ஓர் உயிரின் செல்லுக்குள் வெளியிலிருந்து ஒரு டிஎன்ஏ துண்டைச் செலுத்தி, அதை அந்த உயிரின் பரம்பரைச் சொத்தாக ஆக்குவது. அந்தத் துண்டை விந்தணுவிடம் கொடுத்து முட்டைக்குள் அனுப்ப முயல்வதுதான் விந்தணு வழி மரபணு மாற்றம்.

## கொள்முதல் நிலையத்து லாரி

குறுவை அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்தில் லாரி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 40 கிலோ சிப்பங்களை இடைவெளி இல்லாமல் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கி, கிடங்குக்கு அனுப்புவார்கள். லாரிதான் விந்தணு. உள்ளே அடுக்கிய சிப்பங்கள் தகப்பனின் டிஎன்ஏ. கிடங்குதான் கருமுட்டை. கிடங்கில் இருக்கும் இருப்புப் பதிவேடு, பிறக்கப்போகும் உயிரின் குரோமோசோம்கள்.

இப்போது யாரோ கணக்கில் இல்லாத ஒரு மூட்டையை அந்த லாரியில் ஏற்றிவிடப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கயிற்றில் தொற்றிக்கொண்டு வெளியே தொங்கலாம். தார்ப்பாய்க்கு அடியில் போகலாம். கிடங்கு வாசலில் இறங்கலாம். இவ்வளவு நடந்த பிறகும், பதிவேட்டில் ஏறாத வரை அது கிடங்கின் சரக்கு ஆகாது. ஒரு மூலையில் கிடந்து வீணாகும். பதிவேட்டில் ஏறினால்தான் அடுத்தடுத்த கணக்குகளில் எல்லாம் தொடர்ந்து வரும்.

ஒட்டுவது, உள்ளே நுழைவது, முட்டைக்குள் இறங்குவது, குரோமோசோமில் சேர்வது. நாலு படிகள். "விந்தணு டிஎன்ஏவை எடுத்துக்கொள்கிறது" என்று ஒரு செய்தி வந்தால், இந்த நாலில் எந்தப் படியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதல் படியாகத்தான் இருக்கும்.

## விந்தணுவை அருகில் பார்த்தால்

சினை ஊசி போடுபவர் நைட்ரஜன் கேனின் மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழிந்து இறங்கும். உள்ளே மைனஸ் 196 டிகிரி. இடுக்கியால் மெல்லிய குழாய் ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் போட்டு, துடைத்து, நுனியை வெட்டி, ஊசிக் கம்பியில் பொருத்துவார். அந்தக் குழாய்க்கு ஸ்ட்ரா என்று பெயர். கால் மில்லிலிட்டர்தான் கொள்ளும். அதற்குள் ஏறத்தாழ 2 கோடி விந்தணுக்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, ஒரு நடுப்பகுதி, ஒரு வால். தலைக்குள் தகப்பனின் டிஎன்ஏ, ஏறத்தாழ 270 கோடி எழுத்துகள். சாதாரண உடல் செல்லில் டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி ஓரளவு தளர்வாக இருக்கும். செல் அதை வேண்டும்போது படித்துக்கொள்ளும். விந்தணுவில் ஹிஸ்டோன்களில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, புரோட்டமின் என்ற சிறிய புரதங்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. இந்தப் புரோட்டமின் டிஎன்ஏவை மிக நெருக்கமாக இறுக்கிக் கட்டிவிடுகிறது. மரபணுவைப் படிப்பது, புதுப் புரதம் செய்வது போன்ற வேலைகள் கிட்டத்தட்ட நின்றுபோகின்றன. நீந்துவது, முட்டையைக் கண்டடைவது, சரக்கை இறக்குவது. இவைதான் விந்தணுவின் வேலை.

இவ்வளவு இறுக்கமான ஒன்றுக்குள் வெளி டிஎன்ஏ நுழையும் என்று யாரும் நினைக்கவில்லை. அதனால்தான் 1971-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராக்கெட் குழு வெளியிட்ட சோதனை முக்கியமானது. குரங்கில் காணப்படும் எஸ்வி40 என்ற வைரஸின் டிஎன்ஏவை முயலின் விந்தணுக்களோடு கலந்து வைத்தபோது, விந்தணுக்கள் அதைப் பிடித்துக்கொண்டு முட்டை வரை கொண்டு சென்றன. ஆனாலும் அடுத்த பதினெட்டு ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகத் தொடரவில்லை.

## முதல் படி: ஒட்டுவது

டிஎன்ஏவுக்கு எதிர் மின்னேற்றம் உண்டு. விந்தணுத் தலையின் மேற்பரப்பில், முக்கியமாகத் தலையின் பின்பாதியில், நேர் மின்னேற்றம் கொண்ட சில புரதங்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. கலந்து வைத்த சில நிமிடங்களிலேயே டிஎன்ஏ ஒட்டத் தொடங்கிவிடும். விந்தணு தேடிப் போய் எடுப்பதில்லை. வேதியியல் ஈர்ப்பு மட்டுமே. எந்த உயிரின் டிஎன்ஏ என்பதும் பொருட்டே இல்லை. பாக்டீரியா, வைரஸ், மனிதன், எதுவானாலும் ஒட்டும்.

அப்படியானால் இயற்கையில் இது நாள்தோறும் நடக்க வேண்டுமே? மாட்டின் இனப்பெருக்கப் பாதை முழுக்க பாக்டீரியாக்கள். இறந்த செல்களின் டிஎன்ஏ அங்கே சிதறிக் கிடக்கும். இருந்தும் பாக்டீரியா மரபணுவோடு கன்றுகள் பிறப்பதில்லை.

காரணம், விந்து நீர். விந்தணுக்கள் நீந்தும் அந்தத் திரவத்தில் இரண்டு காவல்கள் இருக்கின்றன. அதில் உள்ள ஒரு சர்க்கரைப் புரதம் விந்தணுவின் மேற்பரப்பில் டிஎன்ஏ ஒட்டும் இடங்களை மறித்துக்கொள்கிறது. கூடவே, தனியாக மிதக்கும் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக வெட்டும் நொதிகளும் அதில் உண்டு. நொதி என்றால் உயிர்ச் செல்களில் வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். ஆகவே ஆய்வகத்தில் இந்தச் சோதனையைச் செய்பவர்கள் முதலில் விந்தணுக்களைத் திரும்பத் திரும்பக் கழுவி விந்து நீரை நீக்குகிறார்கள். கழுவாவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஒட்டாது.

விந்தணு டிஎன்ஏவை உறிஞ்சும் என்று பரவும் செய்திகளில் இந்தக் கழுவும் விஷயத்தை யாரும் சொல்வதில்லை. சோதனையே இயற்கைக் காவலை நீக்கிவிட்டுத்தான் தொடங்குகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: டிஎன்ஏ ஒட்டுவது மின்னேற்றத்தால், தடுப்பது விந்து நீர், கழுவிய விந்தணுவில்தான் ஒட்டுதல் எளிது.

## இரண்டாம் படி: உள்ளே நுழைவது

ஒட்டிய டிஎன்ஏ எல்லாம் உள்ளே போவதில்லை. ஒரு சிறு பங்கு மட்டுமே விந்தணுவின் சவ்வைத் தாண்டி உட்கருவுக்குள் செல்கிறது. உட்கரு என்பது செல்லுக்குள் டிஎன்ஏ இருக்கும் அறை. ரோமில் கொராடோ ஸ்பாடஃபோராவும் மரியலூயிசா லவிட்ரானோவும் இந்த நுழைவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது: சிடி4 என்ற புரதம் இல்லாத எலிகளின் விந்தணுவில் டிஎன்ஏ ஒட்டுகிறது, ஆனால் உள்ளே போவதில்லை. அதாவது ஒட்டுவதற்கு ஒரு வழி, நுழைவதற்கு வேறொரு வழி. இந்தச் சிடி4 புரதத்தை நாம் வேறோர் இடத்தில் கேள்விப்பட்டிருக்கிறோம். எச்ஐவி வைரஸ் வெள்ளணுக்களுக்குள் நுழையப் பற்றிக்கொள்வதும் இதே புரதத்தைத்தான்.

உள்ளே போன பிறகும் பாதுகாப்பு இல்லை. வெளி டிஎன்ஏ அதிகமாக நுழைந்தால் விந்தணுவுக்குள் டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. நுழைந்த துண்டு சிதைகிறது. சில சமயம் விந்தணுவின் சொந்த டிஎன்ஏவும் சேர்ந்தே சிதைகிறது. அப்படிச் சிதைந்த விந்தணுவால் நல்ல கரு உருவாகாது. ஒரு பொருளில் இது மூன்றாவது காவல்: அந்நியச் சரக்கை அதிகம் ஏற்றிய விந்தணு தானே கழிந்துபோகிறது.

## 1989: ஒரே ஆண்டில் எழுந்து விழுந்த நம்பிக்கை

இந்தத் துறையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அறிவியல் எப்படித் தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை அரிது.

1980-களில் விலங்குக்கு மரபணு மாற்றம் செய்ய வேண்டுமென்றால் பெரும்பாலும் வழி ஒன்றுதான்: கருவுற்ற முட்டையை நுண்ணோக்கியின் கீழ் பிடித்து, மயிரிழையைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் டிஎன்ஏவைச் செலுத்துவது. 1982-இல் அமெரிக்காவில் ரால்ஃப் பிரின்ஸ்டரும் ரிச்சர்ட் பால்மிட்டரும் இப்படி எலியின் கருவில் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் செலுத்தி, வழக்கத்தைவிடப் பெரிய எலிகளை உருவாக்கினார்கள். உலகமே பேசியது. ஆனால் வேலை கடினம், செலவு அதிகம், மாடு போன்ற பெரிய விலங்குகளில் வெற்றி மிகக் குறைவு.

1989-இல் லவிட்ரானோவும் ஸ்பாடஃபோராவும் அடங்கிய குழு 'செல்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. எலியின் விந்தணுவைக் கழுவி, பிளாஸ்மிட்டோடு கலந்து வைத்து, ஆய்வகத்தில் முட்டையோடு சேர்த்தார்கள். பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவில் இருக்கும் சிறிய வட்ட டிஎன்ஏ. விரும்பிய மரபணுவை அதில் பொருத்தி வளர்க்கலாம். பிறந்த குட்டிகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தில் அந்த மரபணு இருந்தது என்று அறிவித்தார்கள். கண்ணாடி ஊசியும் வேண்டாம், விலை உயர்ந்த கருவியும் வேண்டாம். கலந்து வைத்தால் போதும்! அதுவே உண்மையானால், சினை ஊசி போடும் எந்த நாட்டிலும் மரபணு மாற்றம் கைக்கெட்டிய தூரம்.

அதே ஆண்டில், அதே இதழில் பதில் வந்தது. எழுதியவர்களில் முன்னால் நின்றவர் அதே ரால்ஃப் பிரின்ஸ்டர். பல ஆய்வகங்கள் அந்த முறையைத் திரும்பச் செய்து பார்த்திருந்தன. நூற்றுக்கணக்கான எலிகளைச் சோதித்தும் ஒன்றில்கூட வெளி மரபணு கிடைக்கவில்லை. எளிய வழி எதுவும் இல்லை என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

ரோம் குழு பின்வாங்கவில்லை. முன்பு சொன்ன விந்து நீரின் காவல், சிடி4, வெட்டும் நொதிகள் எல்லாம், "ஏன் ஓர் இடத்தில் நடக்கிறது, இன்னோர் இடத்தில் நடக்கவில்லை" என்ற கேள்விக்கு விடை தேடிப் போனபோது தெரிய வந்தவைதான். யார் கெட்டிக்காரர் என்று தீர்ப்புச் சொல்ல இதில் இடமில்லை. முறை நிலையற்றது என்பதே அதன் பொருள். காளைக்குக் காளை, ஒரு நாள் எடுத்த விந்துக்கும் மறுநாள் எடுத்ததற்கும்கூட முடிவு மாறுகிறது. நம்பி ஒரு தொழிலை நடத்த முடியாத அளவு மாறுகிறது.

## மூன்றும் நாலும்: முட்டைக்குள் என்ன நடக்கிறது

விந்தணு முட்டைக்குள் நுழைந்ததும், முட்டை புரோட்டமினைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன்னுடைய ஹிஸ்டோன்களைத் தகப்பன் டிஎன்ஏவில் பொருத்துகிறது. இறுகிக் கிடந்த டிஎன்ஏ தளர்கிறது. வழியில் ஏற்பட்ட உடைவுகளை முட்டையில் உள்ள பழுது பார்க்கும் நொதிகள் தைத்துச் சரிசெய்கின்றன. கூடவே வந்த வெளி டிஎன்ஏ துண்டு, அந்த நேரத்தில், அந்த உடைவுக்கு அருகில் இருந்தால், சேர்த்துத் தைக்கப்பட்டுவிடலாம். பதிவேட்டில் ஏறுவது இப்போதுதான்.

இதில் மூன்று சிக்கல்கள். எங்கே சேரும் என்று யாராலும் தீர்மானிக்க முடியாது. தேவையான ஒரு மரபணுவின் நடுவில் போய்ச் சேர்ந்து அதைக் கெடுத்தும் விடலாம். சேர்ந்தாலும் வேலை செய்ய வேண்டும் என்பதில்லை. மரபணுவுக்கு முன்னால், அதை இயக்கும் டிஎன்ஏ பகுதி ஒன்று முழுதாக இருக்க வேண்டும். மூன்றாவது, பெரும்பாலான நேரம் அது சேர்வதே இல்லை. குரோமோசோமுக்கு வெளியே தனித் துண்டாகக் கிடக்கிறது. செல் இரண்டாக, நாலாக, எட்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் மட்டும் ஒழுங்காகப் பங்கிடப்படும். தனித் துண்டு சில செல்களுக்குப் போகும், பலவற்றுக்குப் போகாது, கடைசியில் காணாமல் போகும்.

பாதி வழியில் சேர்ந்தால் இன்னொரு நிலை: உடலின் சில செல்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இதற்குக் கலவை உடல் நிலை என்று சொல்லலாம். அந்த விலங்கின் விந்தணுவிலோ முட்டையிலோ அந்த மரபணு இல்லாவிட்டால், அடுத்த தலைமுறைக்குப் போகவே போகாது.

இதனால்தான் ஒரு சோதனை முடிவை மட்டும் வைத்து ஆரவாரம் செய்யக் கூடாது. கொரோனா காலத்தில் பிசிஆர் என்ற சொல் நமக்கெல்லாம் பழகிவிட்டது. மிகச் சிறிய டிஎன்ஏ துண்டையும் பெருக்கிக் காட்டும் முறை அது. கருவிலோ குட்டியிலோ பிசிஆர் "இருக்கிறது" என்று சொன்னால், துண்டு எங்கோ இருக்கிறது என்பது மட்டுமே பொருள். அது குரோமோசோமில் சேர்ந்திருக்கிறதா, எல்லாச் செல்லிலும் இருக்கிறதா, பேரக்குட்டிக்குப் போகிறதா என்பதைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

சுருக்கமாக: முட்டைக்குள் இறங்குவது வெற்றி அல்ல. குரோமோசோமில் சேர்ந்து, வேலை செய்து, அடுத்த தலைமுறைக்கும் போனால்தான் மரபணு மாற்றம் நடந்தது என்று சொல்ல முடியும்.

## தாமாக நுழையாததை நுழைக்க

கலந்து வைத்தால் மட்டும் போதாது என்று தெரிந்ததும், ஆய்வாளர்கள் விந்தணுவின் வாசலை வலிந்து திறக்கப் பார்த்தார்கள். ஒரு வழி மின் துடிப்பு. ஒரு நொடியில் மிகச் சிறிய பங்கு நேரம் மின்சாரம் பாய்ச்சினால் சவ்வில் தற்காலிகத் துளைகள் விழும். டிஎன்ஏ உள்ளே போகும். மீன்களுக்கு இது ஓரளவு ஒத்துவந்தது. நம் மாநிலத்திலேயே, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டி. ஜே. பாண்டியனின் குழு இப்படி ரோகு மீனின் விந்தணுவுக்குள் ரோகுவின் சொந்த வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் செலுத்தியது. 2004-இல் வெளியான அந்த ஆய்வில், மரபணு சேர்ந்த ரோகுக்கள் உடன் பிறந்தவற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாக வளர்ந்தன. அவை ஆய்வகத்தோடு நின்றன. கும்பகோணம் சந்தையில் நாம் வாங்கும் ரோகு அது அல்ல.

இன்னொரு வழி, 1999-இல் ஹவாயில் ஆந்தனி பெர்ரியும் ரியூசோ யானகிமாச்சியும் காட்டியது. எலி விந்தணுவின் தலையை உறையவைத்து உருக்கியோ சோப்புப் போன்ற வேதிப்பொருளாலோ சவ்வைச் சிதைத்து, டிஎன்ஏவில் நனைத்து, அந்தத் தலையையே ஊசியால் முட்டைக்குள் செலுத்தினார்கள். செலுத்திய மரபணு பச்சையாக ஒளிரும் புரதத்துக்கானது. கருக்கள் பச்சையாக ஒளிர்ந்தன; பிறந்த குட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அந்த மரபணுவைச் சுமந்தது. குழந்தையின்மைச் சிகிச்சையில் ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் முறையின் உறவு இது. நன்றாக வேலை செய்கிறது. ஆனால் விந்தணு இங்கே நீந்தவும் இல்லை, தானாக நுழையவும் இல்லை. கண்ணாடி ஊசி திரும்ப வந்துவிட்டது.

## சினை ஊசியில் தானாக நடக்குமா?

ஒரத்தநாடு பக்கம் ஓர் இளைஞர் கேட்ட கேள்வி கூர்மையானது. "ஸ்ட்ராவுக்குள்ள முட்டை மஞ்சக்கரு கலக்குறாங்கன்னு படிச்சேன். விந்தணு எந்த டிஎன்ஏவா இருந்தாலும் பிடிக்கும்னா, கோழி ஜீன் கன்னுக்கு வராதா?"

உண்மைதான், பல இடங்களில் உறைவிந்துக் கரைசலில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மஞ்சள் கரு சேர்க்கிறார்கள். குளிரில் விந்தணுவின் சவ்வு உடையாமல் காப்பதற்கு அதில் உள்ள கொழுப்பு உதவுகிறது. ஆனால் மஞ்சள் கரு என்பது குஞ்சுக்கான உணவுச் சேமிப்பு. கோழியின் டிஎன்ஏ இருப்பது அதன் மேல் ஒரு புள்ளி அளவுள்ள இடத்தில் மட்டும். அதிலிருந்து கரைசலுக்கு வருவது சொற்பம். கரைசலில் காளையின் விந்து நீரும் இருக்கிறது, அதன் காவலும் இருக்கிறது. அப்படியும் ஒரு துண்டு ஒட்டினால், மேலே சொன்ன எல்லாப் படிகளையும் அது தாண்ட வேண்டும். தாண்டினாலும் முழு மரபணுவாகவும் அதை இயக்கும் பகுதியோடும் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் ஒரே மரபணுவின் கோடிக்கணக்கான நகல்களைத் தயாரித்து, விந்தணுவைக் கழுவி, வேண்டுமென்றே முயன்றபோதே பெரும்பாலும் தோற்ற வேலை இது.

யாரேனும் வேண்டுமென்றே செய்து விற்றால்? இந்தியாவில் மரபணு மாற்றிய எந்த உயிரையும் உருவாக்கவும் வெளியிடவும் 1989-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள்படி அனுமதி வேண்டும். மரபணு மாற்றிய மாடோ மீனோ விற்பனைக்கு அனுமதிக்கப்படவில்லை. பரவலாகப் பயிரிட அனுமதி பெற்றது 2002 முதல் பி.டி. பருத்திதான்.

மனிதர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் ஹீமோஃபிலியா பி என்ற இரத்தம் உறையாத நோய்க்கு, பாதிப்பில்லாத ஒரு வைரஸில் மரபணுவை வைத்துக் கல்லீரலுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். 2001-இல், சிகிச்சை பெற்றவரின் விந்தில் அந்த வைரஸின் டிஎன்ஏ தென்பட்டது. உடனே சோதனையை நிறுத்திவைத்தார்கள். அடுத்த தலைமுறைக்குப் போய்விடுமோ என்பதே பயம். பிறகு பார்த்தபோது, துண்டு விந்துத் திரவத்தில்தான் இருந்தது. ஓடும் விந்தணுக்களில் இல்லை. சில காலத்தில் திரவத்திலிருந்தும் மறைந்தது. "விந்தில் இருக்கிறது" என்பதற்கும் "விந்தணுவுக்குள் இருக்கிறது" என்பதற்கும் உள்ள தூரத்தை அளந்து பார்த்த பிறகே மேலே போனார்கள். பதறாமலும் அலட்சியம் இல்லாமலும் செய்த வேலை அது.

## ஊசியில் நான் கேட்கச் சொல்வது

சினை ஊசியில் மரபு சார்ந்த உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரே காளையின் ஸ்ட்ராவைத் தாய்க்கும், சில ஆண்டு கழித்து அவள் ஈன்ற கிடேரிக்கும் போட்டுவிடுவது. மகளுக்குத் தகப்பனின் விந்தையே போடுகிறோம். குறையுள்ள மரபணு இரண்டு பக்கமும் சேர்ந்து, கன்று பலவீனமாகப் பிறக்கலாம், சினை தங்காமல் போகலாம், பால் குறையலாம். இதற்கு எந்த ஆய்வகமும் வேண்டாம், மறதி போதும்.

ஸ்ட்ராவின் மேலேயே காளையின் எண், இனம், உறையவைத்த தேதி அச்சிட்டிருக்கும். ஊசி போட்டதும் அந்தக் காலி ஸ்ட்ராவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காளை எண்ணை ஒரு நோட்டில், எந்த மாடு, என்ன தேதி என்பதோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை, "இந்த எண் வேண்டாம், இவளோட அப்பன்" என்று சொல்ல உங்களால் முடியும்.

நாட்டு மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருந்து, வளர வளரச் சாம்பல் ஏறி, நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் கால்களில் வெள்ளையுமாக நிற்கும் உம்பளச்சேரி, சேற்று உழவுக்கென்றே இந்த மண்ணில் தேறிய இனம். அதைக் கரைப்பது ஆய்வகத்திலிருந்து வரும் மரபணு அல்ல. நாலைந்து தலைமுறை தொடர்ந்து வேறு இன ஊசியே போடுவதுதான். திருத்துறைப்பூண்டி அருகே கொருக்கையில் உள்ள அரசுக் கால்நடைப் பண்ணையில் இந்த இனத்தை வளர்த்துப் பாதுகாக்கிறார்கள். உங்கள் மாடு உம்பளச்சேரி என்றால், சினைப் பருவம் வருவதற்கு முன்னமே உங்கள் மாட்டாஸ்பத்திரியில் சொல்லி வைத்து, உம்பளச்சேரி ஸ்ட்ராவையே கேளுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் அந்த ஸ்ட்ரா கேனில் இருக்கும்.